சீமை எள்ளு

வெறுங்கையோடு அடுத்த வீட்டுப் படியேற அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தாராள மனசு, பெருந்தன்மை என்றெல்லாம் சொன்னால் அவரே சிரிப்பார். அடுப்புக்கு நெருப்புக் கேட்டு வந்தாலும் கையில் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும். நிலத்து விஷயமாகக் கொம்யூன் கச்சேரிக்குப் போனாலும் துண்டு முனையில் ஒரு பிடி கீரை முடிந்திருக்கும். ஒரு நாள் எதுவுமே அகப்படவில்லை போலிருக்கிறது. வழியில் கிடந்த ஒரு தட்டைக் கல்லைப் பொறுக்கி வந்து, "அம்மி ஆடுதுன்னு சொன்னியே மருமவளே, அடியில குடுத்துப் பாரு" என்றார். அந்தக் கல் இன்னமும் என் அம்மிக்கு அடியில்தான் கிடக்கிறது. அரைக்க உட்காரும்போதெல்லாம் காலில் தட்டுப்படுகிறது.

அவர் வீட்டுக்குப் போன பாத்திரத்துக்கும் அதே சட்டம்தான். நாம் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினால், கழுவித் துடைத்த கிண்ணம் நாலு பச்சைமிளகாயோடு திரும்பி வரும். ஒன்றுமில்லாவிட்டால், வேர்க்கடலை என்கிறார்களே, அந்த மல்லாட்டை ஒரு கையாவது கிடக்கும். அவர் சம்சாரத்துக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வீட்டிலிருந்து வெறும் பாத்திரம் வந்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, களிமண் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் எங்கள் நிலமும் அவருடையதும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமாக இருந்தன. நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது அவருக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். எங்களுக்கு உறவில்லை. ஆனாலும் நான் அவரை மாமா என்பேன், அவர் சம்சாரத்தை அத்தை என்பேன். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜு துரை வீட்டில் இருபது வருஷம் தோட்டவேலை பார்த்தவர். துரை கப்பலேறிப் போன பிறகு ஊருக்கு வந்து, தன் பங்கு மணலில் பூ வைத்தார். வைத்தது மல்லிகையோ கனகாம்பரமோ இல்லை. வெள்ளைக்காரர்கள் மேசை மேல் ஜாடியில் நிறுத்துகிற பூ. அதைத் தண்டோடு வெட்ட வேண்டும்.

அதற்கு விதை சீமையிலிருந்து வரும். துரையின் சம்சாரம், அந்தத் துரைசானி, நன்றி மறக்காதவள். வருஷம் தவறாமல் கப்பல் தபாலில் ஒரு காகிதப் பொட்டலம் அனுப்பிவைப்பாள். அவர் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்வார். பாங்ஸ்தெமோன் என்பது போல இருக்கும். எங்கள் வாயில் அது நுழையவில்லை. செடி முழங்காலுக்கு மேல் உயரும். ஒல்லித் தண்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் சின்ன மணிகள் தொங்கும். வெளியே சிவப்பு, தொண்டைக்குள் வெள்ளை. நிறத்தை விட்டுவிட்டால் அச்சு அசல் எள்ளுப்பூதான். ஊர் பார்த்தது, சீமை எள்ளு என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைக் கேட்டால் அவர் முகம் சுண்டிவிடும்.

அதை வளர்க்க அவர் பட்ட பாட்டைப் பிள்ளை வளர்க்கிறவர்கள்கூடப் படமாட்டார்கள். ஐப்பசி மழையில் விதைத்தால் அழுகும், தை பிறந்து விதைத்தால் வெயில் சுட்டுவிடும். கார்த்திகையில் மழை ஓய்கிற வாரத்தைப் பார்த்துக் காத்திருப்பார். விதையை ஈரத்துணியில் முடிந்து தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்துக் குளிரக் குளிர முளைக்க வைப்பார். பாத்தியை இடுப்பளவுக்கு மேடு கட்டி ஆற்றுமணல் கலப்பார். சாண் உயரம் வந்ததும் நடுக்கொழுந்தைக் கிள்ளிவிடுவார், நாலு தண்டு வெடிக்க வேண்டும் என்று. அப்படியும் ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் பொய்த்துப்போகும்.

வெட்டுகிற நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்கக்கூட பயமாக இருக்கும். பொழுது விடிந்து பனி காய்வதற்குள் வெட்டிவிட வேண்டும். அடியில் இரண்டு மணி திறந்திருக்க வேண்டும், மேலே உள்ளவை மூடியிருக்க வேண்டும். தண்ணீரில் முங்குகிற இலையை எல்லாம் சீவிவிட்டு, கழுத்து வரை தண்ணீருள்ள பானையில் உடனே இறக்கிவிடுவார். ஈரச்சாக்குப் போர்த்திய பானைகளோடு வண்டி அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டிப் போகும். துரைமார் வீட்டு மேசைக்குக் கொஞ்சம், மாதா கோயில் பீடத்துக்குக் கொஞ்சம். அடியில் உள்ளது வாட வாட மேலே உள்ளது திறக்கும், ஒரு வாரம் நிற்கும் என்பார்.

அதோடு விட்டிருந்தால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வண்டியில் ஏற்றியது போக மிஞ்சிய தண்டுகளை அவர் ஊருக்குள் கொண்டுவந்தார். முதல் வருஷம், ஊர் அதற்கு எள்ளு என்று பெயர் வைப்பதற்கு முன்னால், எனக்கு நாலு தண்டு கொடுத்தார். நான் மணிகளை உருவி வாழைநாரில் தொடுத்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை, கட்டக் கட்ட வழுக்கி மடியில் உதிர்ந்தது. மிஞ்சிய இரண்டைக் கொண்டையில் செருகிக்கொண்டு நின்றேன். பார்த்துவிட்டு, "கழுத்த முறிச்சிட்டு மாலை கட்டுறீங்களே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாமிக்கு ஆகாமல், தலைக்கும் ஆகாமல் ஒரு பூ எதற்குச் சும்மா தண்ணீரில் நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

"சும்மா நிக்கல. வூட்ல ஒருத்தர் தெனம் அதுக்குத் தண்ணி மாத்தணுமில்ல" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவே ஆளில்லை. பூவுக்குத் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டுமாம். அவர் என் சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரம் இன்னும் நாலு தண்டு வந்தது. சாராயக்கடையில் ஒரு காலி பாட்டிலில் நிறுத்திவிட்டு வந்தார். குடிக்க வந்தவர்கள் அதற்கு ஊறுகாய் வைத்துக் கும்பிடு போட்டார்களாம். கொம்யூன் தலைவரான மேர் வீட்டு வாசலில் வைத்தார், அதை ஆடு தின்றது. கொடுக்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. வாங்குகிறவர் முகத்தை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். மாமா அந்த ரகம். அவரிடம் எனக்குப் பிரியம் உண்டு, மறுக்கவில்லை. அதே அளவுக்கு ஒரு சங்கடமும் இருந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கம் எள்ளுப்பூவைத் தலையில் வைக்கமாட்டோம், சாமிக்கும் போடமாட்டோம். எள்ளும் தண்ணீரும் போனவர்களுக்கு உரியது. இது அவருக்குத் தெரியாததில்லை, அவரும் தன் அப்பாவுக்கு எள் இறைத்தவர்தான். ஆனால் தன் பூ எள்ளில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தனக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

என் நாத்தனார் இரண்டாவது பிரசவத்துக்குக் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தொன்பது வயசு. என்னைவிட இரண்டு வயசு சின்னவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, என் புருஷனை வாய் ஓயாமல் கேலி செய்கிறவர்கள். பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் ஜன்னியோ என்று பயம் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவானது. என் புருஷன் வண்டிக்கு வைக்கோல் பரப்பப் போனார்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். கையில் செம்பு, செம்பில் ஐந்து தண்டு. நல்ல சிவப்பு. அந்த வருஷத்து முதல் வெட்டு அது, வண்டிக்குக்கூட ஏற்றவில்லை என்று பிறகு தெரிந்தது.

"தலைமாட்டுல வையிம்மா. அவ கண்ணு தொறந்தா தெரியணும்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தலைமாட்டில் என்ன வைப்பார்கள், எப்போது வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கையில் குழந்தை வீறிட்டு அழுகிறது, அடுப்பில் கஷாயம் பொங்குகிறது, இவரோ கொடுக்காமல் நகரமாட்டார். செம்பை வாங்கினேன். உள்ளே கொண்டுபோய், அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். வைத்தது நான், அவர் நடை தாண்டி உள்ளே வரவே இல்லை.

அவள் கண் திறந்தாள். தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள்.

"எனக்கு இப்பவே வச்சிட்டீங்களா அண்ணி?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளை வண்டியில் ஏற்ற முடியவில்லை. என் புருஷன் கெஞ்சினார், அதட்டினார், தூக்கக்கூடப் பார்த்தார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எதற்கு அலைக்கழிக்கிறீர்கள், இங்கேயே போய்விடுகிறேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் கை அப்படிச் சுட்டது. நாளை தெளிந்ததும் போகலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. போகவில்லை என்பது தெரியும்.

பூவைக் கொண்டுவந்தது யார், தலைமாட்டில் வைத்தது யார் என்று என் புருஷன் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. "அவருதான். அவரே உள்ள வந்து வச்சிட்டுப் போனாரு" என்றேன்.

மறுநாள் காலையில் மாமா மறுபடி வந்தார். கையில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். பூவுக்கு மாற்றத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. முந்தின நாள் என்மேல் எனக்கிருந்த கோபத்தையும் சேர்த்து அவர்மேல் கொட்டினேன். 'எனக்கு இப்பவே வச்சிட்டீங்களா'ன்னு அவ கேக்குறா, இன்னும் இன்னா வைக்க வந்தீங்க, இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிக்காதீங்க என்று கத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருவர் முகத்தை அப்படிப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். தண்ணீரை எங்கள் முருங்கைமரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அவள் போய்விட்டாள்.

எடுத்து முடித்த மூன்றாம் நாள் என் புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். வாசலில் படல் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டது நான். அவர் சொல்லிக்கூட இல்லை, நானாகப் போய் அவிழ்த்தேன். இரண்டு ஜோடி மாடு, கன்றுகள் வேறு. மாடு அந்தச் செடியை அவ்வளவு ஆசையாகத் தின்னவில்லை. மிதித்தது. இடுப்பளவு மேடு கட்டிய பாத்தியெல்லாம் சரிந்து மணலாகப் பரவியது. மாமா கிணற்றங்கரையில் நின்றிருந்தார். தடுக்கவில்லை. தான் உள்ளே வந்து வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது, அவர் காதுக்கும் எட்டியிருக்கும். சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் சொல்லிவிடுவாரோ என்று நான்தான் படலைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். வீதியிலேயே நின்றார், இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு. கையில் ஒன்றும் இல்லை. வா என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். நான் உள்ளே போய் இலை போடத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு அந்த மணலில் மல்லாட்டைதான் போட்டார். புதுச்சேரியிலிருந்து கேட்டு ஆள் வந்ததாகவும், விதை கெட்டுப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். விதைப் பொட்டலம் இன்னும் இரண்டு வருஷம் வந்துகொண்டிருந்தது. பிறகு சீமையில் சண்டை மூண்டது, கப்பல் நின்றது, அதுவும் வரவில்லை. ஊர் அவரை ஒதுக்கிவைத்தது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், பந்தியில் உட்காரவைத்தார்கள். ஆனால் யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் அந்தத் தெரு வழியாகவே அவர் போகமாட்டார். அத்தையும் நானும் கிணற்றடியில் பேசிக்கொள்வோம். பாத்திரங்கள் போகும், வரும். அத்தைக்கு அந்தப் பொய் தெரியாது. புருஷன்தான் புத்தி கெட்டு அந்தப் பெண்ணின் தலைமாட்டில் வைத்துவிட்டார் என்று அவளும் நம்பினாள். என்னிடமே அதற்காக வருத்தப்பட்டிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் வாளியை இறைத்திருக்கிறேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து அவர் படுத்துவிட்டார். மார்ச்சளி, மூச்சிரைப்பு. ஒரு நாள் காலை கிணற்றடியில் அத்தை தானாகவே ஒரு பழைய கதையைச் சொன்னாள். துரை வீட்டில் இருந்தபோது ஒரு தடவை அவருக்குக் கால் அழுகி, வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரியில் போட்டார்களாம். காலை எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்தத் துரைசானி ஒரு ஜாடியில் இந்தப் பூவைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தாளாம்.

"தெனம் காலையில ஒரு சிஸ்டரம்மா வந்து தண்ணி மாத்துவாளாம். நாளைக்கு மாத்த வருவாங்க, அதுக்காச்சும் நாம இருக்கணும்னு இருந்தேன்னு சொல்லுவாரு. அது மனசுல வச்சிக்கினுதான் ஒங்க வூட்டுக்கு எடுத்தாந்தாரு. சொல்லவும் தெரியாது அவருக்கு" என்றாள்.

நான் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷமும் அவரைப் புத்தியில்லாதவர் என்று நினைத்துத்தான் என்னை நானே தேற்றிவந்திருந்தேன். அந்தப் பிடியும் போயிற்று.

சீமை எள்ளு எங்கே கிடைக்கும்? எங்கள் கொல்லையில் மாசி எள் பூத்திருந்தது. மறுநாள் பொழுது விடியும்போது அரிவாளோடு போனேன். அடியில் இரண்டு திறந்த தண்டாகப் பார்த்து ஐந்து வெட்டினேன். அடி இலையைச் சீவினேன். செம்பில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி இறக்கினேன். வழியில் பார்த்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் அவருக்குப் புரியும், ஊரில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவர் ஒருவருக்குப் புரியும் என்று போனேன்.

அவர் சுருங்கிப்போயிருந்தார். நான் செம்பை எதிரே மாடத்தில் வைக்கப் போனேன். தலையைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை, தலைமாட்டில் வை என்று கையைக் காட்டினார். வைத்தேன். அத்தை அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க உள்ள வரல மாமா. வச்சது நான். நீங்க வச்சீங்கன்னு பொய் சொன்னேன். படலத் தொறந்ததும் நான்தான்."

அவர் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒரு தண்டைத் தடவி, சீவிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். எள்ளு நிற்காது, மத்தியானத்துக்குள் கொட்டிவிடும் என்று முனகினார். பிறகு என் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"எனக்கும் வச்சிட்டியா?" என்றார்.

அன்று அவர் முகத்துக்கு நேரே நான் கத்திய அவளுடைய வார்த்தை அது. கேலியாகக் கேட்டாரா, பயந்து கேட்டாரா, என்னைக் குத்துவதற்குக் கேட்டாரா? அந்தக் குரலை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. நான் பதறிப்போய்ச் செம்பை எடுக்கக் குனிந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நாளைக்குத் தண்ணி மாத்த வருவியா?"

வருகிறேன் என்றேன். போனேன். மூன்று நாள் காலையிலும் உதிர்ந்ததைப் பொறுக்கிவிட்டுப் புதுத்தண்டு வைத்து, தண்ணீர் மாற்றினேன். அவர் கண் திறந்து பார்ப்பார், பேச்சில்லை. அத்தையும் என்னோடு பேசவில்லை. அவளுக்கு ஓயாத வேலை என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் தண்ணீரோடு போனபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

ஊர் என்ன சொல்லுமோ அதைச் சொன்னது. எள்ளுப்பூவைத் தலைமாட்டில் வைத்தாள், நாலே நாளில் முடித்துவிட்டாள் என்றது. என் புருஷன் ஒரு மாசம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவர் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்பது அப்போது கொஞ்சம் விளங்கியது.

பதினாறாம் நாள் கழிந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். படியேறவில்லை. முந்தானைக்குள்ளிருந்து என் செம்பை எடுத்து நீட்டினாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. வாங்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது, கனமே இல்லை. ஒரு மிளகாய் இல்லை, ஒரு மல்லாட்டை இல்லை. பூவுக்காகவா, பொய்க்காகவா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் திரும்பி வேலியோரமாக நடந்து போனாள், நான் அந்த வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.